வாரியல் அடிக்குச் சிரிப்பு, கை அடிக்கு அமைதி: குறும்படத்துல எங்க தப்பு?

குறுக்குத்துறை கேட்டது:

22 நிமிசக் குறும்படம். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் பீடி சுத்துற ஒரு வீடு. புருஷன், பொண்டாட்டி, மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்னு நாலே பேர். 4-ஆம் காட்சியில புருஷன் அவளைக் கன்னத்துல அறையுதான். 13-ஆம் காட்சியில அவ வாரியலை, அதாவது விளக்குமாத்தை, எடுத்து அவனை அடிக்கா. எழுத்துல ரெண்டும் ஒரே எடை. சொல்லப்போனா 13-தான் கதை திரும்புற இடம்.

ரஃப் கட், அதாவது முதல் கட்டத் தொகுப்பு, ஓட்டினப்போ 4-ஆம் காட்சிக்கு யாரும் அசையல. 13-ஆம் காட்சிக்கு அறை முழுக்கச் சிரிப்பு, பின்வரிசையில விசில் வேற. சிரிச்சவங்கள்ல பாதி பொம்பளைங்க.

எடுத்த விதத்தைச் சொல்லுதேன். 4-ஆம் காட்சி 50 மி.மீ. லென்ஸ், கையில பிடிச்ச கேமரா. அறை விழுந்த பிறகு அவ முகத்துல 4 நொடி நிக்குது. 13-ஆம் காட்சி முற்றத்துல இருந்து 24 மி.மீ. அகல லென்ஸ், ஸ்டாண்டு போட்டு, ரெண்டு பேரும் தலை முதல் கால் வரைக்கும் தெரியுற மாதிரி. மொத்தம் ஆறு அடி. மூணாவது அடியில பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல எட்டிப் பாக்குற ஷாட் ஒண்ணு இருக்கு. பின்னணிக்கு இப்போதைக்கு ஒரு நையாண்டி மேளத் துணுக்கு போட்டு வச்சிருக்கு.

குழுவுக்குள்ள மூணு யோசனை ஓடுது. வாரியலைத் தூக்கிட்டு அருவாமனையைக் கொடுங்கறது ஒண்ணு. அவளுக்குச் சாமி வந்த மாதிரி மாத்துங்கறது இன்னொண்ணு. அடியே வேண்டாம், அழுதுட்டு வெளிய போகட்டும்ங்கறது மூணாவது. எனக்கு மூணும் ஒப்பல. வீடு இன்னும் ஒரே ஒரு அரை நாளுக்குத்தான் கிடைக்கும். எதை மறுபடி எடுக்கணும், எதை எடிட் மேசையிலயே சரி பண்ணலாம்?


வண்ணார்பேட்டை எடிட்:

பாத்தவங்களைக் குத்தம் சொல்லாதீங்க தம்பி. சிரிங்கன்னு நீங்கதான் நாலு இடத்துல கையைக் காட்டியிருக்கீங்க.

முதல்ல லென்ஸ். தலை முதல் கால் வரைக்கும் ரெண்டு உடம்பையும் ஒரே சட்டத்துல வச்சா அது கூத்துக்கான சட்டம். கால் வழுக்குறது, வேட்டி நழுவுறது, கை தவறுறது எல்லாம் தெரியும். முகம் மட்டும் தெரியாது. அதோட 24-ல இடைவெளி அப்பட்டமாத் தெரியும். வாரியல் அவன் முதுகுல படாம ஒரு சாண் முன்னாலயே திரும்புறது பாக்குறவனோட கண்ணுக்குப் பிடிபட்டுரும். வாய் சொல்லாட்டியும் மனசு "இது விளையாட்டு"ன்னு முடிவு கட்டிரும். 4-ஆம் காட்சியில 50-ஐ வச்சு நெருங்கிப் போனதால அந்த இடைவெளி மறைஞ்சிருச்சு.

ரெண்டாவது, அந்த மதில் ஷாட். அடி விழுந்ததும் வேடிக்கை பாக்குற மூணாவது ஆள் முகத்துக்குப் போறதுங்கறது சிரிக்க அனுமதி கொடுக்குறது. நகைச்சுவை எடிட்ல அடிக்கும் அந்த முகத்துக்கும் நடுவுல 12-லருந்து 18 ஃப்ரேம்தான் இருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம்னா முக்கால் நொடி வரைக்கும்னு வச்சுக்கோங்க. வலியைக் காட்டணும்னா அடி வாங்கினவன் மேலயே குறைஞ்சது 48 ஃப்ரேம் நிக்கணும். உங்க டைம்லைனைத் திறந்து ரெண்டே கேள்வி கேளுங்க. அடி விழுந்த அடுத்த ஷாட் யார் முகம்? அது எத்தனை ஃப்ரேம்? 4-ல அவ முகம், 96 ஃப்ரேம். 13-ல அவன் முகம் ஒரு ஷாட்டாவது இருக்கா? நீங்க எழுதினதைப் பாத்தா இல்லன்னுதான் தெரியுது.

மூணாவது எண்ணிக்கை. ஒரு அறைங்கறது ஒரு சம்பவம். ஆறு அடிங்கறது தாளம். சம இடைவெளியில மூணு அடி விழுந்தாலே அடுத்தது எப்ப விழும்னு காது எதிர்பாக்க ஆரம்பிச்சிரும். எதிர்பாத்தது எதிர்பாத்த நேரத்துல வந்தா சிரிப்பு. ஒண்ணா குறைங்க. மிஞ்சினா ரெண்டு. ரெண்டுன்னா நடுவுல ஒழுங்கில்லாத ஒரு நீண்ட இடைவெளி விடுங்க.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிருதேன். நடிகை வீசுறது மெதுவாத் தெரியுதுன்னு ஷாட்டை 108, 110 சதவீதம் வேகமாக்குறது. ஹீரோ அடிச்சா நொடிக்கு 48, 60 ஃப்ரேம்ல எடுத்து இழுத்துக் காட்டுறோம், பொம்பளை அடிச்சா வேகப்படுத்துறோம். இழுத்தா மகிமை, முடுக்கினா கோமாளித்தனம். 13-ல அந்த வேலை நடந்திருந்தா 100-க்கே திருப்பிக் கொண்டு வாங்க.

மேசையில இன்னைக்கே செய்யலாம்: மதில் ஷாட்டையும் மேளத்தையும் தூக்குங்க, ஆறு அடியை ஒண்ணாக்குங்க. மறுபடி எடுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, அவ தோளுக்குப் பின்னால இருந்து அவன் முகம். முகத்தை நெருக்கமாக் காட்டுற 85 மி.மீ. லென்ஸ் கிடைச்சா நல்லது. கேமரா அவ கண் உயரத்துல இருக்கட்டும்.


பாளை சவுண்டு:

படத்தை நிப்பாட்டிட்டு ஒலியை மட்டும் கேட்டுப் பாருங்க. 4-ல அறைக்கு முன்னாடி பீடி இலை வெட்டுற கத்திரிச் சத்தம், அறை, அப்புறம் வீட்டுக்குள்ள இருக்கிற வெறும் அமைதியோட ஒலின்னு இருக்கும். 13-ல மேளம். பாக்காமலே எது சிரிப்பு எது வலின்னு யாரும் சொல்லிருவாங்க.

நையாண்டி மேளத்து மேல ஒரு வருத்தம் உண்டு. இந்தச் சீமையில கோயில் கொடைக்கு வாசிக்கிற கருவிகளை சினிமா "கிராமத்துச் சிரிப்பு"ன்னு ஒரே டப்பாவுல போட்டு அடைச்சிருச்சு. சரி, அது வேற பேச்சு.

அடிச் சத்தத்தை ரெண்டு அடுக்காக் கட்டுங்க. மேலடுக்கு சதைச் சத்தம்: ஈரத் துணியை ரெண்டா மடிச்சு தொடையில அடிச்சு எடுக்கலாம். கையைக் குழிச்சுத் தட்டினா பொத்துனு கேக்கும், விரிச்சுத் தட்டினா பளார்னு கேக்கும். கீழடுக்கு கனம்: சுருட்டின பாயில முஷ்டியால ஒரு குத்து, 60-லருந்து 100 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கி விடுங்க. பத்தமடை மெல்லிசுப் பாய் இதுக்கு உதவாது, முரட்டுக் கோரைப்பாய்தான் வேணும். பொம்பளை அடிக்கிற காட்சிகள்ல கீழடுக்கு இருக்காது. "பளார்" மட்டும் இருக்கும், கனம் இருக்காது. வலிக்காதுங்கற எண்ணத்தைக் காது வழியா ஊட்டுறது அந்தக் குறைதான்.

வாரியலுக்குக் கைச் சத்தத்தை ஒட்டாதீங்க, பொய்யாத் தெரிஞ்சிரும். நிஜ ஈர்க்கு வாரியலை நனைச்ச சாக்குல அடிச்சு எடுங்க. மைக் ஒரு முழம் தள்ளி இருந்தாப் போதும். ஈர்க்கு காத்தைக் கிழிக்கிற "விஷ்"ஷை அடிக்கு 3, 4 ஃப்ரேம் முன்னால வைங்க, அதுக்கு அடியில அதே பாய்க் குத்து. 4-ல அறையோட உச்சம் −6 டெசிபல்ல நிக்குதுன்னா 13-லயும் அதே −6. பிறகு குறைஞ்சது 2 நொடிக்கு இசை வேண்டாம். கோழிச் சத்தம், தூரத்துல பஸ் ஹாரன், அவன் மூச்சு. அம்புட்டுதான்.


தாழையூத்தான்:

ஒரு சந்தேகம். ஆம்பளை அடி வாங்கினா சிரிப்புங்கறதே ஆம்பளைக்குச் செய்யுற ஓரவஞ்சனைதானவே? ஒரு சண்டைக் காட்சியில முப்பது பேர் எலும்பு முறிஞ்சு விழுதான். ஒருத்தனுக்குப் பேர் உண்டா, வீடு உண்டா? பொம்பளை மேல ஒரு கை பட்டா படமே நின்னு அழுது. அதை யாரும் இங்க பேசலியே.

இன்னொண்ணு, 13-ல பேரை மாத்திப் படிங்க. புருஷன் வாரியலால பொண்டாட்டியை ஆறு அடி அடிக்கான்னு படிச்சா யாராவது சிரிப்பாங்களா?


ஆழ்வார்க்குறிச்சி அக்கா:

தாழையூத்து அண்ணாச்சி சொல்றதுல முதல் பாதி முழுக்கச் சரி. பேரில்லாத முப்பது பேர் விழுறது ஆணுடம்பு மலிவுங்கற கணக்கு. ஆனா "பொம்பளைக்காகப் படம் நின்னு அழுது"ங்கறதைக் கொஞ்சம் அளந்து பாக்கணும். தங்கச்சியையோ காதலியையோ சீரழிக்கிற காட்சி இடைவேளைக்கு முன்னால வரும். அதுக்கப்புறம் அவளுக்கு எத்தனை நிமிசம் திரையில இருக்கு, பழிவாங்கப் போறவனுக்கு எத்தனை நிமிசம் இருக்குன்னு ஒரு தாள்ல குறிச்சுப் பாருங்க. படம் நிக்கிறது அவளுக்காக இல்ல, அவனைக் கிளப்பி விடுறதுக்காக. அமெரிக்கக் காமிக்ஸ்ல இதே கணக்கை எழுத்தாளர் கெய்ல் சிமோன் 1999-ல பட்டியல் போட்டு வச்சாங்க. அவன் உடம்பு எண்ணிக்கைக்கு, அவ உடம்பு அவனைக் கிளப்புற சாவிக்கு. ரெண்டும் ஒரே கடைச் சரக்குதான்.

பேர் மாத்திப் படிக்கிற சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. அந்த வீட்டுல பணம் யார் கையில, இரவு கதவைப் பூட்டினா சாவி யார் மடியில, அடி வாங்கினவ போறதுக்குத் தாய்வீடு திறந்திருக்கா, இதெல்லாம் பேரோட சேர்ந்து மாறாது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குல தமிழ்நாட்டுல மணமான பெண்கள்ல ஏறக்குறைய 38 சதவீதம் பேர் கணவனால வன்முறையைச் சந்திச்சதாச் சொல்லியிருக்காங்க. 4-ஆம் காட்சியைப் பாத்து அரங்கு உறைஞ்சது அதுல கொஞ்சம் பேர் அதை நேர்ல அறிஞ்சதாலயும் இருக்கலாம். 13-க்கு அப்படி ஒரு நினைவு யாருக்கும் கையில இல்ல. நினைவு இல்லாத இடத்துல சினிமா கொடுத்த நினைவுதான் வந்து உக்காரும், அது சிரிப்புப் படத்துலருந்து வர்றது. அதனால பேரை மாத்தாதீங்க. ஆளை அப்படியே வச்சுட்டு லென்ஸ், ஒலி, கையில இருக்கிற பொருள், அடிக்குப் பிறகான நேரம், இதுல ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க. எதை மாத்தினா சிரிப்பு நிக்குதுன்னு அப்பதான் பிடிபடும்.

இப்ப பொருளுக்கு வாரேன். சினிமா ஆயுதத்தைப் பால் பாத்துத்தான் பங்கிடுது. அவனுக்கு பெல்ட், அருவா, சைக்கிள் செயின். அவளுக்கு வாரியல், கரண்டி, பூரிக் கட்டை. அவ கையில இருக்கிறது எல்லாம் சமையலறைச் சாமான், அடிக்கிறப்பவும் அவ வேலையை விட்டு வெளிய வரலங்கற மாதிரி. அதுலயும் நம்ம சீமைக்கு ஒரு தனிக் கூத்து. திருநெல்வேலின்னாலே வீச்சருவாளைத் தூக்கின ஆம்பளைதான். வயக்காட்டுல நாள் முழுக்கப் பன்னருவா பிடிக்கிறது யாரு? பொம்பளைங்கதான். அவன் இரும்பைத் தொட்டா மண்ணோட வீரம், அவ தொட்டா கூலி வேலை.

அதுக்காக அருவாமனையைக் கொடுக்காதீங்க. வெட்டு வந்துட்டா கேள்வியே மாறிரும். அவ அடிச்சது நியாயமாங்கறது போய் அவன் பிழைப்பானாங்கறது வந்துரும். வாரியலே இருக்கட்டும். ஆனா இந்த ஊர்ல வாரியலடி வலிக்கு இல்ல, மானத்துக்கு. கால்ல பட்டாலே பதறுற பொருள் அது. அந்த அர்த்தத்தை 13-க்கு முன்னாலயே ஊன்றணும். 2-ஆவது காட்சியிலயோ 6-லயோ மாமியார் அவளைப் பாத்து "வாரியலைப் படுக்கப் போடு, நிப்பாட்டாத"ன்னு ஒரு வரி சொன்னாப் போதும். அந்த வீட்டுல அது என்ன பொருள்னு பாக்குறவனுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அவ குனிஞ்சு எடுக்கிறதே ஒரு சம்பவம்.

சாமி யோசனை வேண்டவே வேண்டாம். ஏன் அது எல்லாருக்கும் உடனே தோணுதுன்னு மட்டும் பாத்துக்கோங்க. வில்லுப்பாட்டுல இசக்கியம்மன் கதை என்ன சொல்லுது? நம்பின ஆம்பளை கையால செத்தவ நீலியா வந்து, கள்ளிக் கொப்பை ஒடிச்சுப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சுட்டுப் பழி வாங்குதா. பொம்பளை திருப்பி அடிக்கலாம், ஆனா முதல்ல செத்துப் போகணும், பிறகு தெய்வமாகணும். சினிமா அதை வாங்கித் தலைவிரி கோலம், உடுக்கை, சிவப்பு வெளிச்சம்னு ஆக்கிருச்சு. உயிரோட இருக்கிற, பீடி சுத்துற, நாளைக்கும் அதே வீட்டுல எந்திரிக்கப் போற ஒருத்தி அடிக்கிறதுக்கு நம்மகிட்ட உருவமே இல்ல. சிரிப்பு, இல்லன்னா சாமி. உங்க 13-ஆம் காட்சி இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும். கொண்டை அவிழக் கூடாது. பல்லைக் கடிக்கக் கூடாது. அடிச்சுட்டு வாரியலைத் தூக்கி எறியவும் கூடாது, பழைய இடத்துல படுக்கப் போடட்டும்.

மூணாவது ஆள் முகம் கட்டாயம் வேணும்னா அது மதில்காரர் இல்ல, மாமியார். அதுவும் முகம் வேண்டாம், கை. 4-ல அறை விழுறப்போ சுளவுல (முறத்துல) மாமியார் கை நிக்காம பீடி சுத்தட்டும். 13-ல அதே கை, அதே சுளவு, நிக்கட்டும்.


குறுக்குத்துறை:

அக்கா, அந்தச் சுளவு ஷாட்டை எடுத்தே தீருவேன். மேளத்தையும் மதிலையும் தூக்கியாச்சு.

இன்னும் ரெண்டு சிக்கல். 4-ல ஒரு பிக்கப், அதாவது விட்டுப்போன துண்டு ஷாட், எடுக்கணும். "நிஜமாவே ஒரு அறை விட்டா இயல்பா வரும், ஒரே டேக்"னு குழுவுல ஒருத்தர். 13-க்கு அப்படி யாரும் கேக்கல, நடிகருக்கு முதுகுல ஸ்பான்ஞ் வச்சுதான் எடுத்தோம். அப்புறம் 9-ல முடியைப் பிடிச்சு இழுக்கிற இடம் ஒண்ணு. காயத்துக்கும் ஒரு வழி சொல்லுங்க. கதை 12 நாள்ல நடக்குது.


தச்சநல்லூர் ஸ்டண்ட்:

அவனுக்கு ஸ்பான்ஞ், அவளுக்கு நிஜ அறையா? திரைக்கு வெளியவே ஆரம்பிச்சிருச்சு பாருங்க. நிஜ அறை வேண்டாம். உள்ளங்கை குழிஞ்சு காதுல பட்டா காத்து அடைபட்டு செவிப்பறை கிழியலாம். ஒரே டேக்னு சொல்லி அடிச்சு, ஃபோகஸ் போச்சுன்னு ரெண்டாவது டேக் கேப்பாங்க.

செய்ய வேண்டியது இதுதான். ரெண்டு பேருக்கும் நடுவுல கை முழுசா நீட்டினா விரல் நுனி கன்னத்தைத் தொடாத தூரம், அதுக்கும் மேல ஒரு சாண். கேமரா அடிக்கிறவன் தோளுக்குப் பின்னால. கை கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவுல குறுக்காப் போகணும். மேலிருந்து கீழ வந்தா இடைவெளி தெரிஞ்சிரும். கண்ணும் கண்ணும் பாத்து ஒரு சின்னத் தலையசைப்பு, அதுக்கப்புறம்தான் வீச்சு. கை மூக்கு நேருக்கு வர்ற அந்தக் கணம் அவ தலை திரும்பணும். முந்தினா பொய், பிந்தினா அதைவிடப் பொய். பாதி வேகத்துல பத்துத் தடவை, முக்கால் வேகத்துல அஞ்சு தடவை. முழு வேகம் கேமரா ஓடுறப்போ மட்டும்.

முடி இழுக்கிறதுல இழுக்கிறது அவதான். அவன் முஷ்டியை மூடி அவ உச்சந்தலையில வைக்கணும், முடியைப் பிடிக்கக் கூடாது. அவ ரெண்டு கையாலயும் அவன் மணிக்கட்டை இறுக்கித் தலையோட அழுத்திக்கணும். போற திசையும் வேகமும் அவ கையில. அவன் கூடவே போறான், அம்புட்டுதான். அவ கையை எடுத்தா அவன் உடனே நிக்கணும். இதை எடுக்கிறப்போ விக் வச்ச ஆம்பளை டூப்பைக் கொண்டு வராதீங்க. தோளும் கழுத்தும் காட்டிக் கொடுத்துரும், தேவையும் இல்ல.

காயம். அறைக்கு மறுநாள் கன்னத்துல கறுப்பு வட்டம் போடுறது வழக்கம், ஆனா வெறும் கை அறைக்கு அப்படி வர்றது அபூர்வம். விரல் தடம் சிவந்து சில மணி நேரத்துல மங்கும். 9-ல அவ சுவத்துல மோதுறான்னா முழங்கைக்கு மேல ஒரு கன்றல் போடுங்க. முதல் நாள் சிவப்பு, 2-ஆம் நாள் நீலம் கலந்த ஊதா, 5, 6-ஆம் நாள் ஓரத்துல பச்சை, 8-லருந்து 10-க்குள்ள மஞ்சள் பழுப்பு. காட்சி எண்ணுக்கு நேரா கதை நாளையும் எழுதி மேக்கப் பெட்டி மூடியில ஒட்டி வைங்க. மஞ்சள் நிலை குண்டு பல்ப் வெளிச்சத்துல மறைஞ்சு போயிரும். அந்த ஷாட்டை மட்டும் சன்னல் பக்கமா எடுங்க. அவனுக்கும் இதே கணக்குதான். 13-க்கு அப்புறம் அவன் கழுத்துல ஈர்க்குக் கீறல் ரெண்டு மெல்லிசுக் கோடா அடுத்த காட்சியிலயும் இருக்கணும். கீறல் காணாமப் போச்சுன்னா அடி விளையாட்டாயிரும்.

ரத்தம் தேவைப்பட்டா: லிக்விட் குளுக்கோஸ் 200 மில்லி, தண்ணி 30 மில்லி, சிவப்பு ஃபுட் கலர், அரை டீஸ்பூன் கோகோ பவுடர். கோகோ போடலன்னா சர்பத்து மாதிரி மின்னும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணியை முகத்துல போடாதீங்க, சுண்ணாம்பு கண்ணுக்கு ஆகாது. குளுக்கோஸ்ல இன்னொரு தொல்லை உண்டு: நம்ம ஊரு முற்றத்துல கால் மணி நேரத்துல எறும்பு வந்துரும்.

ஒரு யோசனை சொல்லுதேன். அவன் வலங்கைக்காரன்னா எதிர நிக்கிறவளுக்கு இடது கன்னத்துல விழும், இடது காது பக்கம். 4-க்குப் பிறகு அவளுக்கு அந்தக் காது மந்தம்னு வச்சுக்கோங்க. செவிப்பறைக் கிழிசல் ஆற வாரக் கணக்குல ஆகும், உங்க 12 நாளுக்குச் சரியாப் பொருந்தும். யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டாம். கூப்பிட்டா தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கட்டும்.


பாளை சவுண்டு:

அது அருமை. அவ பக்கத்துலருந்து கேக்கிற ஷாட்கள்ல இடது சேனல்ல 1000 ஹெர்ட்ஸுக்கு மேல வெட்டி விட்டுருதேன். 5-லருந்து 12-ஆம் காட்சி வரைக்கும். ஹெட்போன் இல்லாம போன்ல பாக்குறவனுக்குத் தெரியாது, அதனால தலை திருப்புறதை நம்பி எடுங்க. ஒலியை நம்பி எடுக்காதீங்க.


கொக்கிரகுளத்தான்:

சட்டம் பக்கம் கொஞ்சம், ஏன்னா கடைசிக் காட்சியில போலீஸ் இருந்தா அங்கயும் இதே ஓரவஞ்சனை புகுந்துரும். சினிமாவுல ஸ்டேஷன்னா ஏட்டய்யா "புருஷன் பொண்டாட்டி சண்டை, சமாதானமாப் போங்க"ன்னு சொல்லி, ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுல போற கதைதான்.

கதை நடக்கிற காலத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. 2024 ஜூலை 1-க்கு முன்னாலன்னா புருஷன் மேல இ.பி.கோ. 498-ஏ. அதுக்குப் பிறகுன்னா பாரதிய நியாய சன்ஹிதா 85. போஸ்டர், எஃப்.ஐ.ஆர். தாள் எதுல எண் தெரிஞ்சாலும் இது தப்பக் கூடாது. கையால அடிச்ச காயத்துக்கு அதே சன்ஹிதாவுல 115(2), இதுல ஆண் பெண் பேதம் கிடையாது, 13-ல அவ அடிச்சதுக்கும் அதேதான். அருவாமனைன்னா 118-க்குப் போயிரும். அக்கா சொன்னது சட்டப்படியும் சரி.

சினிமா அதிகமாத் தொடாத வழி 2005-ஆம் வருச குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. கைது, லாக்கப் இல்லாம, அடிக்காதேன்னு பாதுகாப்பு உத்தரவு, வீட்டை விட்டு வெளியேத்தக் கூடாதுன்னு குடியிருப்பு உத்தரவு வாங்கலாம். அவ நேரா பாதுகாப்பு அலுவலர்கிட்ட போகலாம். அவங்க முதல் படிவத்துல சம்பவ அறிக்கை எழுதுவாங்க. ஒரு மேசை, ஒரு படிவம், "எந்தத் தேதி, எந்தக் கை, எந்தக் காது"ன்னு ஒரு அலுவலர் கேக்குறாங்க. இதுக்கு வசனமே வேண்டாம். 181-க்கு போன் பண்றதையும் காட்டலாம்.

யூடியூப்ல போடுறதுக்குத் தணிக்கைச் சான்று வேண்டாம், தியேட்டர்ல ஓட்டணும்னா வேணும். 1991 வழிகாட்டுதல்ல பெண்களை இழிவுபடுத்துற காட்சி கூடாதுன்னு இருக்கு, பொழுதுபோக்குக்காகவே வைக்கிற வன்முறை கூடாதுன்னும் இருக்கு. ரெண்டாவது வரியை யாரும் சண்டைக் காட்சிக்குப் பொருத்துறதா தெரியல. 2023 திருத்தத்துக்கு அப்புறம் யு.ஏ. சான்று 7, 13, 16 வயசுன்னு மூணாப் பிரிஞ்சிருக்கு.

உங்க படத்துல ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? புகையிலைப் பொருளைக் காட்டினாலே திரையில எச்சரிக்கை போடணும். சினிமாவுக்கு 2012-லருந்து, ஓடிடிக்கு 2023 செப்டம்பர்லருந்து விதி. யாரும் பத்த வைக்காட்டியும் சுளவு நிறைய பீடி இருக்கு. 4-ஆம் காட்சியில கீழ ஒரு எச்சரிக்கை ஓடும், பீடிக்கு.


தாழையூத்தான்:

பீடிக்கு எச்சரிக்கை போடுதான், சரிதான். ஆனா அக்கா, வாரியலைப் படுக்கப் போட்டுட்டுப் போனா, அடி வாங்கினவன் என்ன ஆனான்? அவன் எந்திரிச்சு திருப்பி அடிக்க மாட்டானா? அதைக் காட்டாம வெட்டினா அதுவும் ஏமாத்துதான்.


ஆழ்வார்க்குறிச்சி அக்கா:

சரியான கேள்வி அண்ணாச்சி. காட்டணும். அவன் எந்திரிக்கட்டும், கை ஓங்கட்டும். அங்க மாமியார் கை சுளவுலருந்து எடுபட்டு தரையில ஊன்றி எந்திரிக்கிறதோட வெட்டலாம். மாமியார் யாரைத் தடுக்கப் போறாங்கன்னு சொல்ல வேண்டாம். ஆனா அவனோட பயமும் அவமானமும் முகத்துல நின்ன பிறகுதான் கை ஓங்கணும், நேரா கோபத்துக்குப் போகக் கூடாது. அவனை மனுசனாக் காட்டினாத்தான் அந்த அடிக்கு எடை.


வண்ணார்பேட்டை எடிட்:

அரை நாளுக்கு வரிசை போட்டுத் தாரேன், இதுக்கு மேல ஆசைப்படாதீங்க. காலையில 7 மணிக்கு வீடு கையில வந்தா முதல் ஒரு மணி நேரம் ஒத்திகை, கேமரா இல்லாம. 8 மணிக்கு 13-ஆம் காட்சி: அவ தோள் வழியா அவன் முகம், 85-ல, மூணு டேக். அடுத்து அதே இடத்துலருந்து லென்ஸை மட்டும் மாத்தி அவ குனிஞ்சு வாரியல் எடுக்கிறது, திரும்பப் படுக்கப் போடுறது. 9.30-க்கு மாமியார் கை, ரெண்டு விதமா, சுத்துறதும் நிக்கிறதும், எந்திரிக்கிறதும் சேத்து. இதை 4-ஆம் காட்சி உடுப்புலயும் 13-ஆம் காட்சி உடுப்புலயும் எடுக்கணும், மறந்துராதீங்க. 10.15-க்கு 4-ஆம் காட்சி பிக்கப், ஸ்டண்ட் அண்ணாச்சி சொன்ன தூரத்துல. கடைசியா 9-ஆம் காட்சி.

11 மணிக்கு மேல முற்றத்துல வெயில் நேரா இறங்கும், கண்ணுக்குக் கீழ குழி விழும், பழைய ஷாட்டோட ஒட்டாது. ஒரு வெள்ளை வேட்டியை நாலு மூலையும் கட்டித் தலைக்கு மேல பிடிச்சா சமாளிக்கலாம். சுளவுல இருக்கிற பீடி அளவையும் போன்ல படம் எடுத்து வைங்க. போன தடவை எடுத்த ஷாட்ல பாதிச் சுளவுதான் இருந்துச்சு, புது ஷாட்ல நிறைஞ்சு கிடந்தா அவங்க பத்து நிமிசத்துல ஐநூறு பீடி சுத்தினதா ஆயிரும்.